புறங்கை

சுடுகிற இரும்பு சிவந்திருக்கும் என்பது
வேடிக்கை பார்ப்பவர்கள் சொல்வது.
பதினாலு வருஷமாய் ஐ.சி.எஃப்.பில் வெல்டிங் பிடிக்கிறேன்.
தோலை உரிக்கிற இரும்பு
கறுப்பாக, சாதுவாக,
ஒன்றும் நடக்காத மாதிரி கிடக்கும்.
எங்கள் ஷாப்பில் யாரும் உள்ளங்கையால் தொடுவதில்லை.
புறங்கையைக் கிட்டே கொண்டுபோவோம்.
தொடுவதற்கு முன்பே காற்று சொல்லிவிடும்.

அயனாவரம் பூங்காவில், ஞாயிறு ஐந்தரைக்கு,
சறுக்குமரத்திடம் அப்படித்தான் போனேன்.
கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
வெயில் எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது,
தகரம் மட்டும் மத்தியானத்தை விடவில்லை.
அரை பாட்டில் தண்ணீர் ஊற்றினேன்,
கீழே வந்து சேர்ந்தது கொஞ்சம்தான்.
"சூ" என்றேன் கெசியாவிடம்.
பத்தொன்பது மாதக்காரி
புறங்கையைத் திருப்பி நீட்டி
"சூ" என்றாள்.

அப்புறம் உலகமே சூ.
ஊஞ்சல் சங்கிலி சூ.
சிமென்ட் யானையின் முதுகு சூ.
ஐஸ் வண்டியின் பெட்டியும் சூ,
அதை எப்படித் திருத்துவதென்று தெரியவில்லை.
வாட்ச்மேன் தனபால் குனிந்து வழுக்கையைக் காட்டினார்.
சூ. சூ.

பெனிட்டாவுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஞாயிறும் டியூட்டி.
போனில் அவள் பட்டியல்:
கால்மணிக்கு ஒருதரம் தண்ணீர், ஒரு மடக்கு போதும்.
தொப்பி. பிடுங்கி எறிந்தால் மறுபடியும் தொப்பி.
முகம் சிவந்து சுணங்கினால் உடனே வீடு,
எனக்கு போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்காதே.
பட்டியலில் இல்லாதது கீச்சு ஷூ.
அதை நான்தான் வாங்கினேன்.
கீழ்வீட்டுக்காரர் மாதம் இருமுறை திட்டுகிற ஷூ.
திரும்பிப் பார்க்காமலே தெரியும்
பிள்ளை எங்கே இருக்கிறதென்று.

கீச் கீச் கீச் கீச்.
நான் தொப்பியைத் தேடி
யானையின் காலடியில் குனிந்திருந்தேன்.
கீச் கீச்.
கீச்.
கீச்.
ஒன்று விட்டு ஒன்று.
காது கேட்டது. மண்டைக்கு ஏறவில்லை.
ஒரு ஷூ கழன்றுவிட்டது என்று புரிந்தபோது
மற்றதும் நின்றிருந்தது.

செடிகளுக்குத் தண்ணீர்விட
தொட்டி மூடியைப் பாதி நகர்த்தி
ஹோஸை இறக்கியிருந்தார் தனபால்.
வட்டமான இரும்பு மூடி.
அதன் விளிம்பில் குந்தியிருந்தாள்.
ஒரு கால் வெறுங்கால்.
புறங்கையை மூடியின்மேல் நீட்டி,
தொடாமல்,
வெகு கவனமாக,
என்னை மாதிரியே.

மூடிக்குப் பக்கத்தில்
பிறைபோல ஒரு இருட்டு.
அதற்குள் தண்ணீர் மினுங்கியது.
அது சுடவில்லை.
அதைப்பற்றி நான் அவளுக்கு ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள்,
திரும்பினால் சறுக்குவாள்.
எட்டு அடியோ பத்து அடியோ.
அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோது
"சூ" என்று மூடியைக் காட்டினாள்,
நான் பாராட்டுவேன் என்று பார்த்தாள்.
ஆமாம்டி, சூ, என்றேன்.
என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.
தனபால் பேசாமல் மூடியை இழுத்துப் போட்டார்.
அவர் கையும் நடுங்கியது, என் கையும்.
திட்ட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது.
யாரை?

மறுநாள் நைட் ஷிஃப்ட் முடிந்து
தூங்காமல் மெஷினை வாடகைக்கு எடுத்துப் போனேன்.
பத்து எம்.எம். கம்பி, நாலு விரல் இடைவெளி,
ஹோஸ் நுழைய ஒரு மூலையில் மட்டும் ஓட்டை.
யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று
வாக்கிங் வந்த ஒருவர் கேட்டார்.
தனபால் அவருக்கு ஏதோ சொல்லி அனுப்பினார்.
பற்றவைப்பு ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு
ஏறி நின்று இரண்டுதரம் குதித்துப் பார்த்தேன்.

வீட்டில்
கெசியாவின் கையில் கண்ணாடித் தம்ளர்,
பெனிட்டா பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
ஷூவின் வார் தளர்ந்திருக்கிறது,
வேறு வாங்க வேண்டும் என்று சொன்னேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
பொய் இல்லை அது.